பக்கவாதம் வந்த அப்பாவுக்குப் பராமரிப்பு இல்லம்: எதைப் பார்த்து முடிவு செய்வது?

மூத்தமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 78 வயது. ஆறு வாரங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. பேச்சும் பெரும்பாலும் போய்விட்டது. "ஆமாம்", "வேண்டாம்" என்ற இரண்டு சொற்களும், கோபம் வந்தால் மட்டும் தடங்கலின்றி முழுதாக வெளிவரும் ஒரு வசவும் மிஞ்சியிருக்கின்றன. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். அம்மாவுக்கு 72 வயது. முதுகுத்தண்டு தேய்ந்திருப்பதால் ஒரு வாளி தண்ணீரைக்கூடத் தூக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் பத்து நாளில் அப்பாவை அனுப்பிவிடுவதாக மருத்துவமனையில் தெரிவித்துவிட்டார்கள்.

தம்பியும் நானும் இதே நகரத்தில்தான் வேலைக்குப் போகிறோம். மூன்று இல்லங்களைப் பார்த்துவிட்டோம். முதலாவது புதுக் கட்டடம்; வரவேற்பறையில் மீன்தொட்டி இருக்கிறது, எங்களைச் சுற்றிக்காட்டவே மூன்று பேர் வந்தார்கள். இரண்டாவது பழைய கட்டடம், 24 கட்டில்கள், எங்கள் வீட்டிலிருந்து 15 நிமிடம். மூன்றாவது நகர எல்லையில் தோட்டத்தோடு இருக்கிறது. போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாகிறது. தம்பிக்கு மூன்றாவது பிடித்திருக்கிறது, எனக்கு முதலாவது. ஆனால் ஏன் பிடித்தது என்று எங்களில் ஒருவராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. இதில் அனுபவப்பட்டவர்கள் எதைப் பார்த்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

இரவுப்பணி எழுதியது:

முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான்; கடைசி பதினோரு ஆண்டுகள் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் கழிந்தன, அதிலும் பெரும்பகுதி இரவு ஷிப்ட். மீன்தொட்டியை மறந்துவிடுங்கள் அம்மா. தோட்டத்தையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள்.

நர்சிங் ஹோம் என்று நம்மவர்கள் சிறிய மருத்துவமனையையும் சொல்கிறார்கள், முதியோர் தங்கும் இல்லத்தையும் சொல்கிறார்கள். முதியோர் இல்லங்களுக்குள்ளேயே இரண்டு வகை உண்டு. நடமாடக்கூடியவர்களுக்கு அறையும் சாப்பாடும் பேச்சுத்துணையும் தருவது ஒரு வகை. இரவும் பகலும் செவிலியரை வைத்துக்கொண்டு, குழாய்வழி உணவு, புண்ணுக்குக் கட்டு, புரட்டிப் படுக்க வைத்தல் ஆகியவற்றைச் செய்வது மற்றொன்று. கட்டில் காலியாகக் கிடக்கிறது என்பதற்காகவே, முதல் வகை இல்லங்களில் சில, உங்கள் அப்பாவைப் போன்றவர்களையும் "அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்று சேர்த்துக்கொள்கின்றன. தவறுகள் பெரும்பாலும் தொடங்கும் இடம் இதுதான்.

ஆகவே இல்லத்தைப் பார்ப்பதற்கு முன் அப்பாவால் இன்று என்னென்ன முடியும், என்னென்ன முடியாது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963-இல் வகுத்த ஆறு செயல்கள் இன்றும் இதற்குப் போதும்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, இடம் மாறி உட்காருவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, உண்பது. இதைப் போலவே, இன்னும் விரிவாக, 1965-இல் பார்தெல் அட்டவணை என்று ஒன்று வந்தது. பத்துச் செயல்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண். மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்டைக் கேட்டால் அப்பாவின் மதிப்பெண்ணைப் போட்டுத் தருவார். அந்தத் தாளை இல்லத்துப் பொறுப்பாளரிடம் நீட்டுங்கள். அதை வாங்கிப் படித்துவிட்டு உங்களிடம் நாலு கேள்வி கேட்பவர் ஒருவகை. படிக்காமலே "நாளைக்கே கூட்டி வாருங்கள்" என்பவர் இன்னொரு வகை.

பிறகு இரவைப் பற்றிக் கேளுங்கள். பகலில் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். "விடியற்காலை மூன்று மணிக்கு இந்தத் தளத்தில் விழித்திருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் பயிற்சி பெற்ற செவிலியர் எத்தனை பேர், தானாகப் புரள முடியாத முதியவர்கள் எத்தனை பேர்?" என்ற மூன்று எண்களையும் வாங்கிக்கொண்டு ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது வழக்கம். ஒருவரைப் புரட்டி, நனைந்த துணியை மாற்றி, முதுகுக்கும் முழங்காலுக்கும் தலையணை கொடுத்து முடிக்க இரண்டு பேருக்கு 6 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், அப்படிப்பட்டவர்கள் 20 பேர் இருந்தால் 120 நிமிடம் ஆகும். அதாவது ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். இடையில் ஒருவர் வாந்தி எடுக்கக்கூடாது, ஒருவர் விழக்கூடாது, அந்த இரண்டு பேரில் ஒருவர் கழிப்பறைக்குக்கூடப் போகக்கூடாது. 20 பேருக்கு இரவில் இரண்டு ஆட்கள்தாம் என்றால், புரட்டல் நடக்கவில்லை என்றே பொருள். அட்டவணையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

அந்த அட்டவணையைத் தயங்காமல் காட்டச் சொல்லுங்கள். மற்றவர்களின் பெயரை மறைத்துக்கொண்டு காட்டலாம், அதில் தவறில்லை. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் இல்லத்துக்கு நான் புதிதாகப் பணிக்குச் சேர்ந்த அன்று காலை பதினொரு மணி இருக்கும். கட்டில் காலில் மாட்டியிருந்த தாளில் 12, 2, 4 மணிக்கான கட்டங்களிலும் "இடப்பக்கம்", "மல்லாக்க", "வலப்பக்கம்" என்று எழுதி முடித்திருந்தார்கள். முந்தைய இரவுக்கான கட்டங்களும் அதே நீல மையில், அதே கையெழுத்தில், ஒரு கோடு பிசகாமல் இருந்தன. இரண்டு ஷிப்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரே கையெழுத்து இருக்காது. மை மாறியிருக்கும், எழுத்துச் சாய்ந்திருக்கும், ஓர் இடத்தில் 2.00 என்பதற்குப் பதில் 2.25 என்றிருக்கும். அழுக்கான அட்டவணையைக் கண்டால் நான் நம்புவேன்.

வீடேபோதும் எழுதியது:

கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே நகரத்தில் இருக்கும்போது அப்பாவை ஏன் வெளியே அனுப்ப வேண்டும்? மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆளை வீட்டில் வைத்துக்கொண்டால் அவர் தம் கட்டிலில், தம் மனிதர்களுக்கு நடுவில் இருப்பாரே. இதைத்தான் என் மாமனாருக்குச் செய்தோம். ஓர் உதவியாளரும் என் மனைவியுமாக மூன்று ஆண்டுகள் பார்த்துக்கொண்டார்கள்.

மூத்தமகள் எழுதியது:

இந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் ஐயா. உங்கள் மாமனாரைத் தூக்கி உட்கார வைக்க ஒருவர் போதுமானதாக இருந்ததா?

வீடேபோதும் எழுதியது:

பிடித்துக்கொண்டால் அவரே எழுந்து நிற்பார். கடைசி நான்கு மாதங்கள் மட்டும் அவரால் முடியவில்லை. அந்த நான்கு மாதங்களுக்குப் பிறகுதான் என் மனைவிக்கு முதுகுவலி தொடங்கியது என்பதையும் நான் சொல்லிவிட வேண்டும்.

இரவுப்பணி எழுதியது:

நீங்கள் ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. எழுந்து நிற்கக்கூடியவரை வீட்டில் வைத்துப் பார்ப்பதும், இரண்டு பேர் தூக்க வேண்டியவரைப் பார்ப்பதும் ஒன்றல்ல. இரண்டு பேர் வேண்டும் என்றால் பகலுக்கு இரண்டு, இரவுக்கு இரண்டு, அவர்கள் விடுப்பு எடுக்கும் நாளுக்கு வேறு ஆள். இவற்றுக்கு வழி இருக்கிறவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், மறுக்கவில்லை. பக்கவாதத்தில் இழந்த இயக்கத்தில் திரும்பக் கிடைப்பதன் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே கிடைப்பதால், அந்த மாதங்களில் நாள்தோறும் பிசியோதெரபி கிடைக்கும் இடத்தில் வைத்திருந்துவிட்டு, பிறகு வீட்டுக்குக் கூட்டி வருவதும் ஒரு வழி. இல்லத்தில் சேர்ப்பதென்றால் ஆயுள் முழுவதற்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

தொலைவில்ஒருமகன் எழுதியது:

தோட்டம் உள்ள இல்லத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்பதால் இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு மறதிநோய் இருந்தது. நடப்பது குறைந்து நாற்காலியே இடமாகிவிட்ட நேரம். நல்ல காற்று, மரங்கள், அமைதி என்று நினைத்து, போக இரண்டு மணி நேரம் பிடிக்கும் ஓர் இல்லத்தில் சேர்த்தேன். முதல் மாதம் வாரம் இரண்டு முறை போனேன். மூன்றாம் மாதம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றானது. அதற்குப் பிறகு ஞாயிறுகளும் தவறத் தொடங்கின. ஞாயிறு மதியம் வருவேன் என்று அவர்களுக்கும் தெரியும். அம்மா குளித்து, தலை வாரி, காலுறை போட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்.

அந்தக் காலுறையைத்தான் சொல்ல வந்தேன். ஒருநாள் எதேச்சையாகப் புதன்கிழமை போனபோது வலக்காலின் உறை குதிகாலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்துத்தான் கழற்ற முடிந்தது. உள்ளே ஒரு நாணய அளவுக்குக் கறுத்த புண். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். காலுறையை யாருமே கழற்றிப் பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் புண் ஆற ஐந்து மாதம் ஆனது. அதற்கிடையில் நான் கற்றுக்கொண்டது இது: படுக்கைப்புண் முதுகில் மட்டும் வருவதில்லை. குதிகால், இடுப்பின் அடிப்பகுதி, கணுக்கால், முழங்கை, பின்தலை, காதுமடல் என்று எலும்பு தோலை அழுத்தும் இடமெல்லாம் வரும். தோல் சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அது முதல் நிலை. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ வலியாகவோ இருக்கும்.

அருகில் உள்ளது சுமாராக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள் என்பது என் கட்சி. 15 நிமிடத் தொலைவென்றால் அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில், சொல்லாமல் கொள்ளாமல், எந்த நாளிலும் போகலாம்.

இரவுப்பணி எழுதியது:

"சுமாராக இருந்தாலும்" என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன் தம்பி. அருகில் இருக்கிறது என்பதற்காக இரவில் ஆள் இல்லாத இல்லத்தில் சேர்த்துவிட்டு, மாலையில் அரை மணி நேரம் போய்ப் பார்த்தால் மீதி இருபத்து மூன்றரை மணி நேரத்தை யார் பார்ப்பது? ஆள் இருக்கும் இல்லங்களை முதலில் சலித்தெடுங்கள். அவற்றுக்குள் அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வரிசை மாறக்கூடாது.

காலுறை பற்றி நீங்கள் சொன்னது பொன்னான பேச்சு. படுக்கைப்புண் வரும் வாய்ப்பை அளக்க 1987-இல் வெளியான பிரேடன் அளவுகோல் பல இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. 6 முதல் 23 வரை மதிப்பெண். 18 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அவருக்குப் புண் வரக்கூடும் என்று பொருள். இதைச் சேர்க்கும் நாளில் போடுவீர்களா, பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை போடுவீர்கள் என்று கேளுங்கள். காற்று மெத்தை இருக்கிறது, ஆகவே புரட்ட வேண்டாம் என்று யாராவது சொன்னால் வாசலைப் பார்த்துத் திரும்பிவிடுங்கள். மின்சாரம் போனால் அந்த மெத்தை என்ன ஆகும் என்றும் கேட்டுவையுங்கள்.

கணக்கர் எழுதியது:

பணம் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். இல்லம் சொல்லும் மாதக் கட்டணத்தை வைத்து ஒன்றோடொன்றை ஒப்பிடாதீர்கள். அதில் எது அடங்கும், எது அடங்காது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டயப்பர், கையுறை, புண் கட்டும் பொருட்கள், பிசியோதெரபி, மருத்துவர் வருகை, சலவை, மருத்துவமனைக்குத் துணைக்கு வரும் ஆளின் கூலி ஆகிய ஒவ்வொன்றும் தனிக் கணக்காக ஏறினால், குறைவாகச் சொன்ன இல்லமே மாதக் கடைசியில் அதிகமாகக் கேட்கும். கடந்த மாதம் இதே நிலையில் இருந்த ஒருவருக்குப் போட்ட ரசீதைப் பெயர் மறைத்துக் காட்டச் சொன்னால், பத்து நிமிட விளக்கத்தை விட அது தெளிவாகப் பேசும்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது நான்கு இடங்கள். அவர் மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்குக் கட்டிலுக்கு முழுக் கட்டணமா, பாதியா? நிலைமை மோசமானால் வைத்துக்கொள்வார்களா, வெளியேறச் சொல்வார்களா, சொன்னால் எத்தனை நாள் அவகாசம்? கட்டணத்தை எப்போது, எவ்வளவு உயர்த்தலாம்? வைப்புத்தொகை எப்போது திரும்பக் கிடைக்கும்? கடைசிக் கேள்வியைக் கேட்க எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும், ஏனெனில் அதற்குள் இறப்பு என்ற சொல் ஒளிந்திருக்கிறது. இருந்தாலும் கேட்டுவிடுங்கள்; அந்த நாளில் கேட்கும் தெம்பு உங்களுக்கு இருக்காது.

பதிவுச் சான்றையும் பாருங்கள். காலாவதி தேதி ஒன்று. அனுமதித்த கட்டில்களின் எண்ணிக்கை மற்றொன்று. அந்த எண்ணையும் நீங்கள் உள்ளே எண்ணிய கட்டில்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

மாத்திரைச்சீட்டு எழுதியது:

மருந்தாளுநன் என்ற முறையில் இரண்டு செய்திகள்.

விழுங்கச் சிரமப்படுபவருக்கு மாத்திரைகளைப் பொடித்துக் கலந்து கொடுப்பார்கள். எல்லா மாத்திரையையும் பொடிக்கக்கூடாது. மருந்தை நாள் முழுக்கச் சிறிது சிறிதாக விடுவிக்கும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாளுக்கான மருந்து ஒரே மூச்சில் உடம்புக்குள் போய்விடும். குடலில் போய்க் கரைய வேண்டும் என்று மேலுறை போட்ட மாத்திரையைப் பொடித்தால் அந்த உறைக்கு வேலையே இல்லாமல் போகும். டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே "பொடிக்கலாம்", "பொடிக்கக்கூடாது" என்று மருத்துவமனை மருந்தாளுநரிடமே எழுதி வாங்கி இல்லத்தில் கொடுத்துவிடுங்கள். பொடிக்கக்கூடாதவற்றுக்கு மாற்றாகத் திரவ மருந்து இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அடுத்தது தூக்க மருந்து. இரவில் கத்துகிறார், குழாயைப் பிடுங்குகிறார் என்று சொல்லி மனநோய்க்கான மருந்துகளைச் சில இடங்களில் எளிதாகத் தொடங்கிவிடுகிறார்கள். மறதிநோய் உள்ள முதியோருக்கு இவற்றைக் கொடுத்தால் இறப்பு அபாயம் ஏறத்தாழ 1.6 முதல் 1.7 மடங்கு வரை கூடுகிறது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-இல் எச்சரித்தது. முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பீர்ஸ் பட்டியல் 1991-இல் முதன்முதலாக உருவானதே பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களை மனத்தில் வைத்துத்தான். உங்கள் அப்பாவுக்கு இருப்பது மறதிநோய் அல்ல என்றாலும், "புதிதாக எந்த மருந்து தொடங்கினாலும் அன்றைக்கே எங்களுக்குத் தகவல் வர வேண்டும்" என்று சேர்க்கும்போதே எழுதி வாங்குங்கள். போய்ப் பார்க்கும்போது பகல் பதினொரு மணிக்குக் கூடத்தில் பாதிப் பேர் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

இல்லநிர்வாகி எழுதியது:

ஓர் இல்லத்தை நடத்துபவன் நான். எது என்று சொல்ல மாட்டேன், விளம்பரமாகிவிடும். இரவுப்பணி அம்மா சொன்ன கணக்கு சரியானதே. ஆனால் மறுபக்கத்தையும் நீங்கள் அறிய வேண்டும். எங்களிடம் வரும் குடும்பங்களில் பலர் உண்மையை முழுதாகச் சொல்வதில்லை. இரவில் எழுந்து கூச்சலிடுவார் என்பதைச் சொன்னால் இடம் தர மாட்டோம் என்று பயந்து மறைக்கிறார்கள். முதுகில் ஏற்கெனவே புண்ணோடு வருபவரைச் சேர்த்துக்கொண்டு, மூன்றாம் நாள் "உங்கள் இல்லத்தில்தான் வந்தது" என்ற சண்டையை நான் சந்தித்திருக்கிறேன். அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். சேரும் நாளில் குடும்பத்தில் ஒருவரை அருகில் நிற்க வைத்து, திரைபோட்டு, தலையிலிருந்து குதிகால் வரை தோலைப் பார்த்து, இருக்கும் காயம், தழும்பு, சிவப்பு எல்லாவற்றையும் உடல் படத்தில் குறித்து இரு தரப்பும் கையெழுத்திடுவோம். நீங்கள் சேர்க்கும் இடத்தில் இந்த வழக்கம் இல்லையென்றால் நீங்களே கேட்டுச் செய்ய வையுங்கள். அது அவர்களுக்கும் காப்பு, உங்களுக்கும் காப்பு.

இன்னொன்று: பழைய ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பொறுப்பாளரைக் கேட்காதீர்கள், ஆயாக்களைக் கேளுங்கள். "நீங்கள் இங்கே வந்து எவ்வளவு நாளாகிறது?" என்று மூன்று பேரிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டாலே போதும். மூவரும் "போன மாதம்தான்" என்றால், எங்கள் தொழிலில் இருக்கிற நானே என் அம்மாவை அங்கே சேர்க்க மாட்டேன்.

மூத்தமகள் எழுதியது:

நீங்கள் எல்லோரும் எழுதியதை அச்செடுத்துக்கொண்டு நேற்று ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை மணிக்கு முதல் இரண்டு இல்லங்களுக்கும் சொல்லாமல் போனேன்.

முதலாவதில் காவலாளி உள்ளே விடவில்லை. பார்வை நேரம் மாலை ஆறு மணியோடு முடிந்துவிட்டது, பொறுப்பாளர் இல்லை, நாளை வாருங்கள் என்றார். வெளியிலிருந்தே, ஏதோ ஓர் அறையிலிருந்து அழைப்பு மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது கேட்டது. நான் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். ஒன்பது நிமிடம் நின்றேன், மணி ஓயவில்லை.

இரண்டாவதில் ஒரு செவிலியர் கதவைத் திறந்து, "எல்லோரையும் படுக்க வைக்கும் நேரம், பத்து நிமிடம் உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்த இடத்திலிருந்து ஓர் அறை தெரிந்தது. இடப்பக்கம் செயலிழந்த ஒரு பெரியவரை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றினார்கள். சிறுநீர் வாடை கொஞ்சம் இருந்தது. இரவில் எத்தனை பேர் என்று கேட்டேன். 24 கட்டிலில் 21 பேர் இருக்கிறார்கள், புரட்ட வேண்டியவர்கள் எட்டுப் பேர், இரவில் ஒரு செவிலியரும் மூன்று உதவியாளர்களும் என்றார்கள். அட்டவணையைக் காட்டினார்கள். மூன்று விதக் கையெழுத்து இருந்தது, ஓரிடத்தில் தேநீர்க் கறையும் இருந்தது. ஆனால் ஒருவருடைய கையில் துணி உறை மாட்டிக் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து மனம் சரியில்லை.

இரவுப்பணி எழுதியது:

எட்டுப் பேருக்கு நான்கு பேர் என்றால் கணக்கு தாங்கும். வாடை பற்றிக் கவலைப்படாதீர்கள். துணி மாற்றும் நேரத்தில் வாடை இருக்கத்தான் செய்யும். எந்நேரமும் பினாயில் மணக்கும் இடத்தைத்தான் நான் சந்தேகிப்பேன்.

அந்தப் பெரியவரை மாற்றும்போது எங்கே பிடித்தார்கள் என்று கவனித்தீர்களா? செயலிழந்த கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ இழுத்தால் தோள்மூட்டு நழுவும், பிறகு அந்த வலி மாதக்கணக்கில் போகாது. இடுப்பில் பட்டை கட்டிப் பிடித்திருந்தாலோ, தூக்கும் கருவி வைத்திருந்தாலோ, பழகிய கைகள் என்று கொள்ளலாம்.

கட்டி வைத்தது எனக்கும் பிடிக்கவில்லை. கையுறை மாட்டுவது வேறு, கட்டுவது வேறு. கட்டினால் திமிறுவார்கள், தோல் உரியும், தசை இளைக்கும், மனம் கலங்கும். யார் எழுதிக் கொடுத்து, எத்தனை மணி நேரத்துக்கு, எப்போது அவிழ்த்துப் பார்ப்பார்கள், வேறு எதை முயன்று பார்த்துவிட்டு இதற்கு வந்தார்கள் என்று நேரிலேயே கேளுங்கள். "எங்கள் அப்பாவை எங்களைக் கேட்காமல் கட்டக்கூடாது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டிலின் இரு பக்கமும் கம்பியை ஏற்றிவிட்டால் விழ மாட்டார் என்பதும் பாதிதான் உண்மை. எழ நினைப்பவர் அதன்மேல் ஏறி, இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

சாப்பாட்டு நேரத்திலும் ஒருமுறை போங்கள். புரையேறுபவரை நேராக உட்கார வைத்து, சிறு கரண்டியில், ஒரு வாய் விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். முடிந்த பின்னும் அரை மணி நேரம் படுக்க வைக்கக்கூடாது. பானங்கள் எவ்வளவு கெட்டியாகவும் உணவு எவ்வளவு மென்மையாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு 0 முதல் 7 வரை நிலை குறிக்கும் சர்வதேச அளவுமுறை இருக்கிறது; அதில் பானங்களுக்கு 0 முதல் 4 வரை. மருத்துவமனையில் அப்பாவுக்கு எந்த நிலை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "கொஞ்சம் கெட்டியாக" என்று வாயால் சொன்னால் ஆளுக்கு ஆள் மாறும். பல் துலக்கி விடுகிறார்களா என்றும் பாருங்கள். ஜப்பானிய முதியோர் இல்லங்களில் செய்து 1999-இல் வெளியான ஆய்வொன்றில், உணவுக்குப் பின் வாயைச் சுத்தம் செய்துவிட்ட முதியோரில் 11 விழுக்காட்டினருக்கும், அப்படிச் செய்யாதவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் நிமோனியா வந்தது. ஒரு பிரஷ் செய்கிற வேலை அது.

சிறுகுறிப்பு எழுதியது:

இத்தனை நேரம் படித்துக்கொண்டு வந்தேன். சகோதரி, நீங்கள் பார்த்தது, தம்பி சொன்னது, நாங்கள் சொன்னது எல்லாம் இருக்கிறது. அப்பா என்ன சொன்னார் என்பது எங்கேயும் இல்லையே? பேச்சுப் போனவருக்குப் புரிதலும் போய்விட்டது என்று பொருளில்லை. "ஆமாம்", "வேண்டாம்" இரண்டும் கையில் இருக்கிறவரிடம் நிறையக் கேட்கலாம்.

மூத்தமகள் எழுதியது:

நீங்கள் கேட்டது என்னை இரண்டு நாள் வாயடைக்கச் செய்துவிட்டது. உண்மையில் நாங்கள் அவரைக் கேட்கவே இல்லை.

மூன்று இல்லங்களின் படங்களையும் கைப்பேசியில் காட்டினோம். தோட்டத்துக்கு "வேண்டாம்" என்றார். மீன்தொட்டிக்கும் "வேண்டாம்" என்றார். இரண்டாவதின் அறைப் படத்தை இடக்கையால் தொட்டு, கட்டிலைச் சுட்டிக்காட்டி "வேண்டாம், வேண்டாம்" என்றார். இதுவும் வேண்டாமாக்கும் என்று நினைத்தோம். அரை மணி நேரம் கழித்துத்தான் அம்மா கண்டுபிடித்தார்: அந்தக் கட்டிலில் அழைப்பு மணி வலப்பக்கச் சுவரில் இருந்தது. அவரால் எட்ட முடியாது. "மணியை இந்தப் பக்கம் மாற்றினால்?" என்று கேட்டதற்கு "ஆமாம்" என்றார், கூடவே அந்த வசவும் வந்தது.

இரண்டாவதில் பேசி, கட்டிலைத் திருப்பிப் போட வைத்தோம். கட்டி வைத்திருந்தவரைப் பற்றியும் கேட்டேன். மூக்குவழிக் குழாயை மூன்று முறை பிடுங்கியவர், மருத்துவர் எழுதியிருக்கிறார், இரண்டு மணிக்கு ஒருமுறை அவிழ்க்கிறோம் என்று தாளைக் காட்டினார்கள். எனக்கு இன்னும் முழுதாக மனம் ஒப்பவில்லை. எங்களைக் கேட்காமல் அப்பாவைக் கட்டக்கூடாது என்ற வரியைச் சேர்த்துத்தான் கையெழுத்திட்டோம். தோலைப் பார்த்துப் படத்தில் குறிப்பது அங்கே வழக்கமில்லையாம், கேட்டதும் செய்தார்கள். மருத்துவமனையில் இருந்தபோதே இடது குதிகாலில் சிவப்பு இருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்பா சேர்ந்து இன்றோடு ஒன்பது நாள். தம்பி காலையிலும் நான் மாலையிலும் போகிறோம். அம்மா மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருக்கிறார். நேற்று அட்டவணையைப் பார்த்தபோது பிற்பகல் இரண்டு மணிக்கான கட்டம் காலியாக இருந்தது. கேட்டேன். அந்நேரம் பிசியோதெரபிக்குப் போய் நாற்காலியில் இருந்தார், புரட்டவில்லை, அதனால் எழுதவில்லை என்றார் உதவியாளர். வேண்டுமானால் இப்போது நிரப்பிவிடட்டுமா என்று பேனாவை எடுத்தார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.